நெஞ்சுத் துடிப்பிலிருந்து கரண்ட் கிடைக்குமா?



நம் வகுப்புக்கு ஓர் அம்மா வருகிறார். இப்போதும் உங்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவருடைய நெஞ்சில் பேஸ்மேக்கர் என்ற கருவி இருக்கிறது. ஆபரேஷன் செய்து வைத்தது. அப்போது ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பல வருஷமாக அவருக்குத் தெரியாது.

எண்கள் படித்த பிறகு ஒரு நாள் அந்த அட்டையை வகுப்புக்குக் கொண்டு வந்தார். விரலை வைத்துத் தானே படித்தார். "ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு, ஏழு. 2017" என்றார். பிறகு விரல் விட்டு எண்ணினார். அவர் முகம் வாடிவிட்டது.

"தம்பி, பேட்டரி பத்து வருஷம் வரும்னு டாக்டர் சொன்னாரு. அப்போ 2027-ல தீர்ந்துடுமே. அதோட நானும் முடிஞ்சேனா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வியும் கேட்டார்.

"நெஞ்சு ராத்திரி பகலா அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? சைக்கிளை மிதிச்சா டைனமோ லைட் எரியுது. அந்த மாதிரி நெஞ்சு அடிக்கிறதிலேயே கரண்ட் எடுத்து இந்த மெஷினை ஓட்டக் கூடாதா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்கிறேன் அம்மா" என்றேன். பிறகு படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இந்த அம்மா கேட்ட அதே கேள்வியைப் பல நாடுகளில் விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பேஸ்மேக்கர் என்ன செய்கிறது?

உங்கள் மணிக்கட்டில் விரலை வைத்துப் பாருங்கள். நாடி துடிக்கிறதா? ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 4,200 தடவை. ஒரு நாளுக்கு ஒரு லட்சம் தடவை. நாம் தூங்கினாலும் இதயம் தூங்குவதில்லை.

இதயத்தை அடிக்க வைப்பது எது? இதயத்துக்குள்ளேயே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கிருந்து மிகச் சிறிய மின்சாரம் கிளம்புகிறது. அது இதயம் முழுவதும் பரவுகிறது. உடனே இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது.

சிலருக்கு அந்த இடம் பழுதாகிவிடும். சிலருக்கு மின்சாரம் போகும் வழி அடைபட்டுவிடும். அப்போது இதயம் மிக மெதுவாக அடிக்கும். சில நேரம் சில விநாடிகள் நின்றே போகும். தலை சுற்றும். மயங்கி விழுவார்கள். உயிரும் போகலாம்.

இவர்களுக்கு வைப்பதுதான் பேஸ்மேக்கர். தோள்பட்டைக்குக் கீழே, நெஞ்சின் மேல் பகுதியில், தோலுக்கு அடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டியை வைப்பார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி இதயத்துக்குள் போகும். இதயம் அடிக்கத் தவறினால் கருவி ஒரு சின்ன மின்தட்டு தட்டும். இதயம் அடிக்கும். இதயம் தானே ஒழுங்காக அடித்தால் கருவி சும்மா காவல் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பேட்டரிதான்.

முதல் மனிதர்

சுவீடன் என்று ஒரு நாடு இருக்கிறது. குளிர் அதிகம் உள்ள நாடு. அங்கே ஆர்னே லார்சன் என்பவர் வாழ்ந்தார். அவருக்கு வயது 43. ஒரு நாளில் பல தடவை மயங்கி விழுவார். உடம்புக்குள் முழுவதும் வைக்கும் பேஸ்மேக்கர் அப்போது உலகில் யாருக்கும் கிடையாது.

அவருடைய மனைவி சும்மா இருக்கவில்லை. சென்னிங் என்ற டாக்டரையும் எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளரையும் போய்ப் பார்த்தார். என் கணவருக்கு ஒரு கருவி செய்து கொடுங்கள் என்று விடாமல் கேட்டார். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஆபரேஷன் நடந்தது. உலகிலேயே முதல் தடவையாக ஒரு மனிதரின் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

அது சில மணி நேரமே வேலை செய்தது. உடனே இன்னொன்று வைத்தார்கள். அதன் பேட்டரிக்கு வெளியிலிருந்து, தோல் வழியாக, சார்ஜ் ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு வேறு கருவி, அதற்குப் பிறகு இன்னொரு கருவி என்று மாற்றிக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 20-க்கும் அதிகமான கருவிகள்!

ஆனால் லார்சன் பிழைத்தார். 43 வயதில் சாகக் கிடந்தவர் 86 வயது வரை இருந்தார். 2001-ல்தான் இறந்தார். வைத்தியம் செய்த டாக்டரும், கருவி செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

ஆகவே, அம்மாவின் முதல் கேள்விக்கு இதுதான் பதில். பேட்டரி தீர்ந்தால் ஆள் முடிந்தார் என்று பொருள் இல்லை. தீரும் முன்பே கருவியை மாற்றிவிடலாம்.

மாற்றுவதில் என்ன கஷ்டம்?

1960-களில் பேட்டரி சுமார் இரண்டு வருஷம்தான் வந்தது. 1970-ல் பிரான்சு நாட்டில் அணுசக்தியால் ஓடும் பேஸ்மேக்கரைக்கூட ஒருவருக்கு வைத்தார்கள். பேட்டரி தொல்லை அந்த அளவுக்கு இருந்தது! 1972-ல் லித்தியம் பேட்டரி வந்தது. அமெரிக்காவின் வில்சன் கிரேட்பேட்ச் என்ற பொறியாளர் அதைப் பேஸ்மேக்கருக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு ஆயுள் கூடியது. இன்று பல கருவிகள் பத்து வருஷத்தை ஒட்டி ஓடுகின்றன. சிலருக்குக் கூடும். சிலருக்குக் குறையும். கருவி எவ்வளவு தடவை தட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

டார்ச் லைட்டில் கட்டையை மாற்றுவது போல இதில் மாற்ற முடியாது. பெட்டியை ஒட்டி மூடியிருப்பார்கள். எனவே தோலை மறுபடி கீறிப் பெட்டியையே எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கம்பி நன்றாக இருந்தால் பழைய கம்பியிலேயே இணைத்துவிடுவார்கள். பெரிய ஆபரேஷன் இல்லை. ஆனாலும் ஆபரேஷன் ஆபரேஷன்தானே? புண்ணில் கிருமி சேரலாம். வயதானவர்களுக்கு அலைச்சல். கூலி வேலை செய்பவருக்கு வேலையும் போகும், கூலியும் போகும். கருவியின் விலையும் சிறியது இல்லை.

இந்தப் பேட்டரி ஏழைகளை எப்படித் தொடுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் இறந்தவர்களின் உடம்பிலிருந்து எடுத்த 121 பேஸ்மேக்கர்களைச் சில டாக்டர்கள் சேர்த்தார்கள். சோதித்துப் பார்த்தார்கள். 53 கருவிகளில்தான் பேட்டரி போதுமான அளவு மிச்சம் இருந்தது. அந்த 53 கருவிகளையும் சுத்தம் செய்து, மும்பையில் ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் 53 ஏழை நோயாளிகளுக்கு வைத்தார்கள். இந்த விவரம் 2011-ல் வெளிவந்தது. கருவி கெடவில்லை, பேட்டரிதான் போதவில்லை என்ற காரணத்தால் எத்தனை கருவிகள் பயன்படாமல் போயிருக்கும்! பேட்டரியே வேண்டாம் என்றால் எவ்வளவு நல்லது!

இப்போது அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

எவ்வளவு கரண்ட் வேண்டும்?

இரவில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்பு பார்த்திருப்பீர்கள். அரை வாட் பல்பு. அந்த ஒரு பல்புக்குப் போகும் மின்சாரத்தைப் பங்கு போட்டால் சுமார் 50,000 பேஸ்மேக்கர்களை ஓட்டலாம். அவ்வளவு குறைந்த மின்சாரம் போதும்.

நம் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதற்குச் செய்யும் வேலை சுமார் ஒரு வாட். அதை ஒரு லட்சம் பங்காகப் பிரித்து ஒரே ஒரு பங்கு எடுத்தால் பேஸ்மேக்கருக்குப் போதும்.

சைக்கிளில் டைனமோவைச் சாய்த்துவிட்டால் பெடல் கனக்கும். அதுபோல இதயத்துக்கும் கனக்காதா? நல்ல கேள்விதான். ஆனால் லட்ச ரூபாய் வைத்திருப்பவரிடம் ஒரு ரூபாய் கேட்பது போலத்தான் இது. அந்த ஒரு ரூபாய் போனது அவருக்குத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாக எடுத்தாலும் தாங்கும்.

கணக்கு சரியாக வருகிறது. எடுப்பது எப்படி? நம் வீட்டிலேயே இருக்கும் மூன்று பொருள்களை வைத்துச் சொல்கிறேன்.

கைக்கடிகாரம், லைட்டர், சீப்பு

முதலில் கைக்கடிகாரம். பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரம் சிலர் கட்டியிருப்பீர்கள். அதற்குப் பேட்டரி இல்லை. சாவியும் கொடுக்க வேண்டாம். உள்ளே அரைவட்டமான ஓர் எடை இருக்கும். கை ஆடும்போது அது சுழலும். சுருள்வில் தானாக முறுக்கேறும். கடிகாரம் ஓடும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் பெர்ன் என்ற ஊர் இருக்கிறது. அந்த நாடு கடிகாரத்துக்குப் பேர் போனது. பெர்னில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கடிகார இயந்திரத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதை ஒரு பன்றியின் இதயத்தின் மேல் தைத்து வைத்தார்கள். இதயம் அடிக்க அடிக்க எடை ஆடியது. சுருள்வில் முறுக்கேறியது. வில் அவிழும்போது ஒரு குட்டி டைனமோ சுற்றியது. மின்சாரம் வந்தது. தேவையைப் போல ஐந்து மடங்கு வந்தது. அந்த மின்சாரத்தாலேயே பன்றியின் இதயத்தை நிமிஷத்துக்கு 130 தடவை அடிக்க வைத்தார்கள். 2014-ல் ஸ்பெயின் நாட்டில் நடந்த டாக்டர்கள் மாநாட்டில் இதைச் சொன்னார்கள்.

இரண்டாவது, காஸ் அடுப்பு லைட்டர். அழுத்தினால் 'டக்' என்று பொறி வருகிறது. அதில் பேட்டரி இல்லை. பிறகு பொறி எப்படி வருகிறது? சில வகைக் கற்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் 1880-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். லைட்டரில் அப்படிப்பட்ட ஒரு கட்டியைத்தான் சுத்தியல் போல ஒன்று தட்டுகிறது. இதே வகைப் பொருளை மெல்லிய தகடாக்கி, வளையும்படி செய்து, மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இதயத்தின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். இது அமெரிக்காவில் நடந்தது. 2014-ல் முடிவு வந்தது. இதயம் அசையும்போது தகடு வளைகிறது. மின்சாரம் வருகிறது.

மூன்றாவது, பிளாஸ்டிக் சீப்பு. காய்ந்த தலையைச் சீவிவிட்டுக் காகிதத் துண்டுகளின் பக்கத்தில் காட்டுங்கள். துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தால் மின்சாரம் உண்டாகிறது. சீன விஞ்ஞானிகள் இந்த முறையில் ஒரு சின்னக் கருவி செய்து பன்றிகளுக்கு வைத்தார்கள். இதயத்தின் அசைவிலிருந்து வந்த மின்சாரம் அதே இதயத்தின் தப்பிய துடிப்பைச் சரி செய்தது. இது 2019-ல் வெளிவந்தது.

அசைவிலிருந்து மட்டும் இல்லை. நாம் சாப்பிடும் சோறு ரத்தத்தில் சர்க்கரையாக ஓடுகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்தும் மின்சாரம் எடுக்க முயற்சி நடக்கிறது. 2010-ல் பிரான்சில் எலிகளின் உடம்பில் அப்படி எடுத்துக் காட்டினார்கள்.

2025-ல் அமெரிக்காவில் ஓர் அரிசியை விடச் சின்னதான பேஸ்மேக்கரைச் செய்திருக்கிறார்கள். நீளம் மூன்றரை மில்லிமீட்டர். இதயக் கோளாறோடு பிறந்து ஆபரேஷன் செய்துகொண்ட பச்சைக் குழந்தைகளுக்குச் சில நாள்கள் மட்டும் துணை வேண்டியிருக்கும். அவர்களை நினைத்துச் செய்தது இது. இதில் இரண்டு வேறு உலோகங்கள் இருக்கின்றன. உடம்பின் நீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி போல ஆகிவிடுகின்றன. வேலை முடிந்ததும் கருவி உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். எடுக்க இன்னோர் ஆபரேஷன் வேண்டாம். இதையும் விலங்குகளிலும், இறந்தவர்கள் தானம் செய்த இதயங்களிலும்தான் சோதித்திருக்கிறார்கள்.

நமக்கு எப்போது வரும்?

இதயத் துடிப்பால் ஓடும் பேஸ்மேக்கர் இன்னும் ஆஸ்பத்திரிகளுக்கு வரவில்லை. ஏன்?

ஒன்று, உழைப்பு. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. பத்து வருஷத்துக்கு 36 கோடிக்கும் மேல். அத்தனை தடவை வளைந்தாலும் தகடு விரிசல் விடக் கூடாது. உடம்பு ஈரமும் உப்பும் நிறைந்த இடம். உள்ளே நீர் புகக் கூடாது.

இரண்டு, இடம். துடிக்கும் இதயத்தின் மேல் எதையாவது தைத்தால் அது இதயத்தை உரசக் கூடாது. கழன்று விடக் கூடாது. ரத்தம் கட்டக் கூடாது.

மூன்றாவதுதான் பெரியது. சைக்கிள் நின்றால் டைனமோ லைட்டும் அணைந்துவிடும். இதயம் நிற்கும் நேரத்தில்தான் பேஸ்மேக்கர் தேவை. ஆனால் இதயம் நின்றால் கரண்டும் வராதே! எனவே வந்த மின்சாரத்தில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். மழைக் காலத்தில் குளத்தை நிரப்பிக் கோடையில் பயன்படுத்துவது போல. அந்தச் சேமிப்பு சின்னதாகவும், பல வருஷம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும்.

விளக்கு அணைந்தால் இருட்டில் உட்கார்ந்திருக்கலாம். இது உயிர். அதனால்தான் அவசரப்படாமல் சோதித்துப் பார்க்கிறார்கள். அப்படிச் சோதிப்பதுதான் சரி.

ஆகவே ஒன்றைச் சொல்கிறேன். "பேட்டரியே இல்லாத பேஸ்மேக்கர் தருகிறேன்", "இந்தக் காந்த வளையல் போட்டால் பேட்டரி தீராது" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். காந்தத்தைப் பேஸ்மேக்கரின் பக்கத்திலேயே கொண்டு போகக் கூடாது.

இன்று நாம் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் இவற்றைச் சொல்லுங்கள்.

டாக்டர் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒன்றும் செய்யவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. வெளியிலிருந்தே, தோலைக் கீறாமலே, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிடுவார்கள். பேட்டரி திடீரென்று தீர்வதில்லை. மாற்ற வேண்டிய காலம் நெருங்குவதைப் பரிசோதனை முன்கூட்டியே காட்டும்.

அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். ஸ்கேன் எடுக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

செல்போனைச் சட்டையின் இடது பக்கப் பையிலோ ரவிக்கையிலோ, கருவியின் மேல் படும்படி வைக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசலாம்.

மறுபடி தலை சுற்றல், மயக்கம் வந்தாலும், கருவி வைத்த இடம் சிவந்தாலும், வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர் காலமானால், உடலை எரிக்கும் முன் கருவியை எடுத்துவிட வேண்டும். தீயில் பேட்டரி வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அடிபடும். ஆஸ்பத்திரியிலோ டாக்டரிடமோ சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

கடைசியாக ஒன்று

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் முன்பே சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு அட்டையை மறுபடி எடுத்தார். பரிசோதனைத் தேதி எழுதும் இடத்தைத் தேடினார். கடைசியாக எழுதியிருந்த தேதியைப் படித்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி!

"தம்பி, இத நான் அப்பவே படிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேனே" என்றார்.

மறு வாரமே மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பேட்டரி இன்னும் இருக்கிறது என்று சொன்னார்களாம். அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவரே வீட்டுக் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறார். மாற்றும் நாள் வந்தால் மாற்றிக்கொள்வேன், பயம் இல்லை என்கிறார்.

அவர் நெஞ்சிலிருந்தே கரண்ட் எடுக்கும் காலம் அவருக்கு வருமோ, அவர் பேரப் பிள்ளைகளுக்கு வருமோ, நான் சொல்ல முடியாது. வரும்வரை பேட்டரியின் தேதியை நாம்தான் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அட்டைகள் இருக்கும். நாளை வகுப்புக்கு வரும்போது எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம்.